கூட வந்த பிள்ளை

பத்திரிகை வாசிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்னும் சொற்றொடரைக் கேளாதவர் இரார். ஒரு ஜில்லாவுக்கு ரயில் வராவிட்டால் அது மாற்றாந்தாய் மனப்பான்மை. ஒரு மாநிலத்துக்கு வெள்ள நிவாரணப் பணம் குறைந்துவிட்டால் அதுவும் மாற்றாந்தாய் மனப்பான்மை. நகரசபையார் ஒரு தெருவுக்குக் குழாயும் அடுத்த தெருவுக்கு வாக்குறுதியும் கொடுத்தால், மேடையிலே அதற்கும் இதே பெயர்தான். பிரசங்கிகளுக்கு இது மிகவும் சௌகரியமான வார்த்தை. ஆனால் தேசத்திலுள்ள மெய்யான மாற்றாந்தாய்மார்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, “அம்மா, உங்கள் பெயரை இப்படி உபயோகப்படுத்துகிறோமே, உங்களுக்குச் சம்மதந்தானா?” என்று யாரும் கேட்டதில்லை.

வார்த்தையிலேயே கோளாறு இருக்கிறது. ‘மாற்றான்’ என்றால் பகைவன். ‘மாற்றாள்’ என்றால் சக்களத்தி. அந்த வேரிலிருந்து கிளைத்த பெயரை ஒரு பெண்மணியின் தலையில் சுமத்திவிட்டு, “இந்தப் பிள்ளையிடம் அன்பாயிரு” என்று உபதேசமும் செய்கிறோம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ‘ரண்டானம்மா’ என்கிறார்கள், தகப்பனாரானால் ‘ரண்டானச்சன்’. இரண்டாவது அம்மா, இரண்டாவது அப்பா. அந்த வார்த்தையில் பகையில்லை. எண்ணிக்கை மாத்திரமே இருக்கிறது.

கதைகளும் நமக்கு ஒத்தாசை செய்யவில்லை. துருவனைத் தகப்பனார் மடியில் உட்கார விடாத சுருசியை எல்லாருக்கும் தெரியும். கைகேயி எத்தனையோ வருஷம் ராமனைத் தன் மகனினும் மேலாகப் பாராட்டி வளர்த்ததை மறந்துவிட்டு, இரண்டு வரம் கேட்ட ஒரே நாளைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். குந்தி தேவியை இந்த வரிசையில் யாரும் சேர்ப்பதேயில்லை. அவளிடம் பிறகு வருவோம்.

இந்த விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது குமாரபாளையம் காவேரியின் கீழ்க்கரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் பவானி. 1997-ஆம் வருஷத்தில் நாமக்கல் ஜில்லா தனியாகப் பிரிவதற்கு முன்பு, நாமும் சேலம் ஜில்லாவாசிகளே. அந்தச் சேலம் ஜில்லாவில் பெண் சிசுக்களைப் பிறந்தவுடன் தொலைத்துவிடும் கொடுமை மிகுந்திருந்தபடியால், 1992-ஆம் வருஷத்தில் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் இங்கேதான் ஆரம்பித்தார்கள். அன்று வாழவிடாத பெண்கள் இன்று மணவறைக்கு எப்படி வருவார்கள்? அதனாலும், படித்த பெண்கள் பட்டணத்து உத்தியோகத்தை விரும்புவதாலும், வேறு பல காரணங்களாலும் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பது அரிதாகிவிட்டது. பாலக்காடு முதலிய மலையாளப் பகுதிகளில் பெண்ணெடுப்பது சென்ற சில பத்தாண்டுகளாகப் பழக்கமாகியிருக்கிறது. விசைத்தறி வேலைக்காக வடநாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களும் இப்போது ஏராளம். நாற்பது வயதில் விவாகம் செய்துகொள்ளுகிறவருக்கு வாழ்க்கைப்பட வரும் பெண், முன்னமே ஒருமுறை வாழ்ந்து, கணவனை இழந்தோ பிரிந்தோ இருப்பதும் உண்டு. சில சமயங்களில் அவளுடன் ஒரு பிள்ளையும் கூட வருகிறான்.

முற்காலத்தில் அவன் கூட வரமாட்டான். ஈசுவரசந்திர வித்யாசாகரரின் பெருமுயற்சியால் 1856-ஆம் வருஷத்தில் விதவா விவாகச் சட்டம் ஏற்பட்டபோதுகூட, அதன் 3-ஆவது பிரிவு, மறுமணம் செய்துகொண்டவளின் குழந்தைகளுக்கு வேறு கார்டியனை நியமிக்கும்படி இறந்த கணவனின் உறவினர் கோர்ட்டில் மனுச் செய்யலாம் என்று இடம் வைத்தது. தாய் புது வீட்டுக்குப் போகலாம், பிள்ளை பழைய வீட்டிலேயே இருக்கட்டும் என்பதே அக்காலத்து எண்ணம். அந்தச் சட்டம் 1983-ஆம் வருஷத்தில் ரத்தாயிற்று. இன்று தாயை விட்டுப் பிள்ளை பிரிவதில்லை. இது நல்ல மாறுதல். ஆனால் எளிய மாறுதல் அல்ல.

அப்படி வரும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். வயது பதினைந்து. மீசை அரும்பிக் குரல் உடையும் பருவம். எட்டாவது வகுப்பு வரையில் மலையாளத்தில் படித்தவன். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறான். சிவப்பு மட்டை அரிசிச் சோறு போய் வெள்ளைச் சோறு வருகிறது. தேங்காயெண்ணெய்த் தாளிதம் போய்க் கடலெண்ணெய் மணக்கிறது. இரவும் பகலும் விசைத்தறியின் ஓசை ஓய்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்தாலோ, 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழைப் பாடமாகப் படித்தாக வேண்டும். காதுக்குத் தமிழ் பாதி விளங்குகிறது. கண்ணுக்கு எழுத்து விளங்கவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையோ வாசலில் வந்து நிற்கிறது. உயிரோடிருக்கும் தகப்பனானாலும் இறந்த தகப்பனானாலும், அவரைப் பற்றிப் பேச அந்த வீட்டில் இடமில்லை. தெருவிலே அவனுக்கு ஒரு பெயருண்டு: “கூட வந்த பையன்.” இப்படிப்பட்ட பையன் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் தறிப்பட்டறைக்குப் போய்விட்டால், அல்லது வீட்டை விட்டே போய்விட்டால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த வீட்டுத் தலைவரின் நிலையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நாற்பது வயது வரையில் தனியாக இருந்தவர். தம் இஷ்டம்போல் சாப்பிட்டுத் தூங்கியவர். தகப்பனாராகும் பயிற்சி அவருக்குக் கிடையாது. கைக்குழந்தையை வளர்க்கிறவர்கள் குழந்தையோடு சேர்ந்து தாங்களும் கற்றுக்கொள்ளுகிறார்கள். இவருக்கோ பதினைந்து வருஷப் பாடம் ஒரே நாளில் வந்து சேருகிறது. தம் தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையொருவன் முகத்தை நிமிர்ந்து பாராமல், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். “நாம் என்ன குறை வைத்தோம்?” என்று அவர் மனம் நோகிறது. இரண்டு கட்சியிலும் குற்றவாளியே இல்லாத வழக்கு இது. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினமாயிருக்கிறது.

இத்தகைய குடித்தனம் நன்றாக நடந்ததற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றைத் தேடினால், கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது. அங்கும் நம் மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரையில் அமெரிக்காவின் உப ஜனாதிபதியாயிருந்த ஸ்ரீமதி கமலா ஹாரிஸைச் சொல்லுகிறோம். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலன் மன்னார்குடிக்குச் சமீபமான துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். தாயார் சியாமளா 1958-ஆம் வருஷத்தில் பத்தொன்பதாவது வயதில் தன்னந்தனியாக அமெரிக்காவுக்குச் சென்று பெர்க்லி சர்வகலாசாலையில் படித்தவர். தகப்பனார் ஜமெய்க்கா தீவைச் சேர்ந்தவர். கமலாவின் அரசியலைப் பற்றி யார் என்ன அபிப்பிராயம் கொண்டாலும் சரி, அது இங்கே பிரஸ்தாபமில்லை. அவருடைய குடித்தனமே நமக்கு விஷயம்.

2013-ஆம் வருஷத்தில் அவருக்கு டக் எம்ஹாஃப் என்ற வக்கீலின் பழக்கம் ஏற்பட்டது. எம்ஹாஃப் யூத குலத்தவர். முதல் விவாகம் முறிந்தவர். கோல், எல்லா என்று ஒரு பிள்ளையும் ஒரு பெண்ணும் அவருக்கு இருந்தார்கள். ஜான் கோல்ட்ரேன், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பிரபல ஜாஸ் சங்கீத வித்வான்களின் பெயரையே குழந்தைகளுக்கு வைத்திருந்தார்கள். 2014 ஆகஸ்டில் விவாகம் நடந்தபோது கோலுக்கு வயது 19, எல்லாவுக்கு 15. தமிழ்த் தாய்க்கும் ஜமெய்க்காத் தந்தைக்கும் பிறந்து, ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மணப்பெண்ணுக்கு இப்படி இரண்டு வளர்ந்த பிள்ளைகள் கிடைத்தார்கள்.

கமலா சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்ததைக் கண்டவர். ஆகையால், எம்ஹாஃபுடன் பழக்கம் ஏற்பட்டவுடனே குழந்தைகளைப் பார்க்க அவர் ஓடிவிடவில்லை. இந்த உறவு நிலைக்கும் என்று உறுதியான பிறகே பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். வந்து பழகிவிட்டுப் பாதியில் மறைந்துபோகும் மனிதரால் குழந்தைகளுக்கு உண்டாகும் மன வருத்தத்தை அவர் அறிவார். கடைசியாகப் பார்க்கப் போன தினத்தில், ரிப்பன் கட்டிய ஒரு பிஸ்கோத்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கவலையோடு போனதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போது அவர் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல்! கோர்ட்டில் எத்தனையோ வழக்காடியவருக்கு, இரண்டு பிள்ளைகளின் முன்னால் போய் நிற்க அவ்வளவு யோசனை வேண்டியிருந்தது.

விவாகத்தன்று நம் நாட்டு வழக்கப்படி கமலா கணவர் கழுத்தில் மாலையிட்டார். யூதர்களின் வழக்கப்படி மாப்பிள்ளை காலால் ஒரு கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைத்தார். இரண்டு வழக்கங்களில் எது பெரிது என்று யாரும் விசாரிக்கவில்லை. பிறகு, கூப்பிடும் பெயரைப் பற்றிய கேள்வி வந்தது. இங்கிலீஷில் மாற்றாந்தாய்க்கு வழங்கும் வார்த்தை குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை. ‘மாம்’ என்பதையும் ‘கமலா’ என்பதையும் சேர்த்து ‘மோமாலா’ என்று அவர்களே ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் கூடிச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. கமலா சமைப்பார், கணவர் எடுபிடி, கோல் மேஜையை ஒழுங்குபடுத்தி எந்தச் சங்கீதம் ஒலிக்க வேண்டுமென்று தீர்மானிப்பான், எல்லா தித்திப்புப் பதார்த்தம் செய்வாள். பிள்ளை அந்த வீட்டில் விருந்தாளியல்ல என்பதற்கு அவன் கையில் கொடுத்த தட்டும் கரண்டியுமே அத்தாட்சி.

இவையெல்லாவற்றிலும் பெரிதாக நமக்குத் தோன்றுவது வேறொன்று. குழந்தைகளைப் பெற்ற தாயார் கெர்ஸ்டின் உயிரோடும் நலமாகவும் இருப்பவர். அவரும் கமலாவும் சிநேகிதர்களானார்கள். எல்லாவின் நீச்சல் பந்தயத்திலும் கூடைப்பந்து ஆட்டத்திலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரவாரம் செய்வார்களாம். பெண்ணுக்கு வெட்கமாய்ப் போய்விடுமாம்! 2024-ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலின்போது, கமலா பிள்ளை பெறாதவர் என்று எதிர்க்கட்சியின் உப ஜனாதிபதி அபேட்சகர் 2021-இல் பரிகாசமாகச் சொன்ன வார்த்தை மறுபடி கிளம்பிற்று. அதற்கு மறுமொழி சொல்ல முதலில் முன்வந்தவர்களில் ஒருவர் கெர்ஸ்டின்தான். குழந்தைகள் பதின்பருவத்தில் இருந்த காலந்தொட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகக் கமலா தங்களோடு சேர்ந்து அவர்களை வளர்த்து வந்திருக்கிறார் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். மாற்றாந்தாய்க்குப் பெற்ற தாயே நற்சாட்சி சொல்லுவதை இதிகாசத்தில்கூடக் காண்பது அரிது.

“அவர்களுக்கென்ன, பணம் இருக்கிறது, பெரிய வீடு இருக்கிறது, மொழித் தொல்லையும் இல்லை” என்று நேயர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் அவர்கள் செய்தவற்றில் எதற்குப் பணம் தேவைப்பட்டது? அவசரப்படாமல் காத்திருந்ததற்கா? கூப்பிடும் பெயரைக் குழந்தைகளின் இஷ்டத்துக்கு விட்டதற்கா? பெற்றவளைத் தூற்றாமல் இருந்ததற்கா? குமாரபாளையத்துத் தெருவிலும் இவை இலவசமாகவே கிடைக்கும்.

மலையாளத்துப் பையன் புதுத் தகப்பனாரை முதல் நாளே ‘அப்பா’ என்று அழைக்க வேண்டுமென்று வற்புறுத்த வேண்டாம். அவனுக்கு ‘அச்சன்’ என்று ஒருவர் இருந்திருக்கிறார். ‘மாமா’ என்று கூப்பிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆடிப் பதினெட்டுக்கு அவனையும் காவேரிக் கரைக்கு அழைத்துப் போங்கள். அடுத்து ஓணம் வரும்போது, அவன் சொல்லுகிறபடி வாசலில் பூக்கோலம் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டை அரிசி வேகட்டும். மற்ற நாட்களில் அவன் நம் அரிசியும் பருப்பும் சாதத்தின் ருசியைக் கண்டுகொள்ளுவான். கண்டிக்க நேர்ந்தால் ஆரம்ப வருஷங்களில் பெற்ற தாயே கண்டிக்கட்டும். புதியவர் ஓங்கிய கை எத்தனை நியாயமானதானாலும், பையனுக்கு அது அந்நியன் கைதான்.

இனிக் குந்தியிடம் வருவோம். மாத்ரி மத்ர தேசத்து ராஜகுமாரி. வடமேற்கே தூர தேசத்திலிருந்து வந்தவள். பாண்டுவோடு உடன்கட்டை ஏறியபோது நகுலனையும் சகாதேவனையும் குந்தியின் கையில் ஒப்படைத்தாள். குந்தியும் பிறந்த வீட்டில் வளராதவள். குந்திபோஜனுக்கு வளர்ப்புப் பெண்ணாகப் போனவள். அவள் ஐந்து பேரையும் ஒரே கணக்காக வளர்த்தாள். அந்த வளர்ப்பு எப்படிப்பட்டது என்பதற்குப் பொய்கைக்கரையில் பரீட்சை நடந்தது. நான்கு தம்பிமாரும் மாண்டு கிடக்க, ஒருவனை மாத்திரம் பிழைப்பிக்கிறேன் என்றான் யட்சன். தருமபுத்திரர் பீமனையும் கேட்கவில்லை, அர்ச்சுனனையும் கேட்கவில்லை, நகுலனைக் கேட்டார். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தருமபுத்திரர் அன்பைக் காரணமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொன்னார் என்பதே. நமது அபிப்பிராயத்தில், இந்த விஷயத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. அன்பு செலுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. புதிதாக வந்த பிள்ளையிடம் உடனே அன்பு சுரக்கவில்லையே என்று மாற்றாந்தாயோ தகப்பனோ தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை. பையனிடமும் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நியாயத்தை முதல் நாளே தொடங்கலாம். சோற்றில் நியாயம், துணியில் நியாயம், படிப்பில் நியாயம், அவன் பழைய உறவுக்கு மரியாதை காட்டுவதில் நியாயம். அன்பு பின்னால் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பிள்ளை கெட்டுப்போகமாட்டான்.

நியாயம் என்று சொன்னபடியால் சட்டத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டத்தில், மாற்றாந்தகப்பனின் சொத்துக்கு ‘மகன்’ என்ற முறையில் கூட வந்த பிள்ளை வாரிசாக மாட்டான். மாற்றாந்தாய் விஷயத்திலும், ‘மகன்’ என்ற சொல் மூத்தாள் பிள்ளையைக் குறிக்காது, கணவனின் வாரிசு என்ற முறையிலேயே அவனுக்குப் பாத்தியதை வரும் என்று 1987-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதே 1956-ஆம் வருஷத்துத் தத்தெடுப்புச் சட்டத்தில், குல வழக்கம் இருந்தாலொழிய, 15 வயது பூர்த்தியானவனைத் தத்தெடுக்க முடியாது. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் வழியாக மாற்றுப் பெற்றோர் தத்தெடுக்கத் தனி முறை இருக்கிறது, வக்கீலைக் கலந்துகொள்ளலாம். எது எப்படியானாலும், சுயார்ஜித சொத்துள்ளவர் ஒரு உயில் எழுதி வைப்பது, ஆயிரம் தரம் “நீயும் என் பிள்ளைதான்” என்று சொல்லுவதைவிட மேலானது.

பெயர் விஷயத்திலும் ஒரு தீர்ப்பு உண்டு. கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஆந்திர தேசத்துப் பெண்மணி ஒருவரின் வழக்கில், புதுக் கணவரின் பெயரைக் குழந்தையின் தஸ்தாவேஜுகளில் ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்கும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டிருந்தது. 2022 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளியது. அப்படிப்பட்ட உத்தரவு குழந்தையின் மனத்துக்கும் சுயமதிப்புக்கும் கொடுமை செய்வதாகும் என்பது அவர்கள் கருத்து. குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமையும் தாய்க்கு உண்டென்றார்கள். பிள்ளை பதினைந்து வயதினனானால், இன்ஷியலை மாற்றுமுன் அவனையும் ஒரு வார்த்தை கேட்பது நலம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தறியைக் காட்டிச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு பாவு தீர்ந்ததும், அதன் கடைசி முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பழைய முனையை அறுத்தெறிந்துவிட்டால் புதியதைப் பிணைக்க ஆதாரம் இல்லை. அந்த வேலைக்கு உட்கார்ந்தவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கும் அந்தப் பொறுமையில் கொஞ்சம் பாக்கி வைக்கலாம்.

முடிவாக, அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. இத்தகைய குடும்பங்களை உள்ளிருப்பவர்கள் கெடுப்பதைவிட வெளியிலிருப்பவர்கள் கெடுப்பதே அதிகம். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “ஏங்கண்ணு, ஊட்டுல வயித்துக்கு ஒழுங்கா சோறு போடறாங்களா?” என்று கேட்கும் பாட்டியம்மாள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, இரக்கத்தோடுதான் கேட்கிறாள். ஆனால் அந்தக் கேள்வி பையன் மனத்தில் இல்லாத சந்தேகத்தை விதைத்துவிடுகிறது. அன்றிரவு தோசை ஒன்று குறைந்தாலும் அவன் எண்ணிப் பார்ப்பான். அதற்குப் பதிலாக அவன் பெயரைக் கேளுங்கள். கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் அந்தப் பெயராலேயே கூப்பிடுங்கள். “கூட வந்த பையன்” என்ற பட்டம் அதோடு ஒழியட்டும்.